தென்மேற்கு வங்காளதேசக் கடலோரத்தின் நன்னீர்ச் சிக்கல்

வங்காளதேசத்தின் தென்மேற்கில் உள்ள குல்னா, சத்கிரா, பாகேர்காட் மாவட்டங்கள் ஆறுகளும் கழிகளும் பின்னிக் கிடக்கும் கழிமுகப் பகுதியாகும். தெற்கே சுந்தரவனக் காடு கடலைத் தொடுகிறது. சுற்றிலும் நீர் இருந்தும் கோடையில் இங்கு குடிநீருக்குத் தட்டுப்பாடு நிலவுகிறது. கடலின் அருகாமை மட்டும் இதற்குக் காரணமன்று. 1960கள் முதல் ஆறுகளைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

கரைகளும் வண்டலும்

1960களில், இப்பகுதி கிழக்குப் பாக்கித்தானாக இருந்தபோது, தாழ்நிலங்களைச் சுற்றி மண்கரைகள் எழுப்பப்பட்டன. கரை சூழ்ந்த இந்நிலங்கள் போல்டர் எனப்படும். உப்புநீர் உள்ளே வருவது தடைப்பட்டதால் நெல் விளைச்சல் கூடியது. ஆனால் கடல் ஏற்றத்தின்போது நிலத்தில் பரவிப் படிந்துவந்த வண்டல், கரைகள் வந்தபின் ஆற்றுப் படுகையிலேயே தங்கியது. ஆறுகள் தூர்ந்தன, மழைநீர் வடியாமல் வயல்களில் தேங்கியது.

1997இல் பில் பைனா என்ற தாழ்நிலப் பகுதி மக்கள் தாங்களே கரையை வெட்டி, ஏற்றநீரை உள்ளே விட்டனர். வண்டல் நிலத்தில் படிந்து மேடாக்கியது. அருகிலிருந்த ஆறு ஆழமானது. பின்னர் அரசும் இம்முறையைக் கையாண்டது.

பராக்கா தடுப்பணை

கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் காக்க, கங்கை நீரின் ஒரு பகுதியை ஊக்ளி ஆற்றுக்குத் திருப்பும் பராக்கா தடுப்பணையை 1975இல் இந்தியா இயக்கத் தொடங்கியது. கங்கையிலிருந்து பிரியும் கோராய் ஆறே தென்மேற்குப் பகுதிக்கு நன்னீர் தரும் முதன்மை வழி. வறண்ட மாதங்களில் அதன் நீர்வரத்து குறைந்ததால் உப்பு உள்நாட்டுக்குள் ஏறியது. சுந்தரவனத்தின் சுந்தரி மரங்கள் நுனியிலிருந்து காய்வதற்கும் இந்த உப்பேற்றம் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

1976 மே மாதத்தில் மௌலானா பாசானி, பராக்காவை நோக்கி நெடும்பயணம் ஒன்றை நடத்தினார். 1996 டிசம்பர் 12 அன்று இரு நாடுகளும் 30 ஆண்டுகளுக்கான நீர்ப்பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜனவரி 1 முதல் மே 31 வரையிலான நீர்வரத்தை அது பங்கிடுகிறது.

இறாலும் குடிநீரும்

1980களில் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்பு பரவியபோது, உப்பைத் தடுக்கக் கட்டிய கரைகளுக்குள்ளேயே உப்புநீர் விடப்பட்டது. இதை எதிர்த்துப் பைக்காச்சாவில் நடந்த போராட்டத்தில் 1990இல் கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார். 2009 மே 25 அன்று தாக்கிய அய்லா புயல் கரைகளை உடைத்து, குடிநீர்க் குளங்களையும் உப்பாக்கியது. மழைநீர்த் தொட்டிகளும் குளத்துநீரை மணலில் வடிக்கும் வடிகட்டிகளும் ஊர்ப்புறங்களுக்குக் கைகொடுக்கின்றன. ஆயினும் பல ஊர்களில் பெண்கள் குடத்துடன் நெடுந்தொலைவு நடக்க வேண்டியுள்ளது.

குல்னா நகருக்கு 2019 முதல் மதுமதி ஆற்றுநீர் சுத்திகரித்து வழங்கப்படுகிறது. ஆற்றில் உப்பு கூடும் மாதங்களுக்காக நீர்த்தேக்கம் ஒன்றும் அமைக்கப்பட்டுள்ளது. மதுமதி என்பது கோராய் ஆற்றின் கீழ்ப்பகுதியே. எனவே நகரத்துக் குழாய்நீரும் கங்கையிலிருந்து கோராய்க்கு வரும் நீரையே சார்ந்துள்ளது.