கொண்டைக்குருவியின் சொந்த ஊர்

சமயபுரத்து மாரியம்மனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து நடந்து போகிறவர்கள் வழியிலுள்ள வேலிப் புதர்களில் கொண்டைக்குருவியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். கறுத்த தலை, சிறு கொண்டை, செதில் செதிலாகப் பழுப்பு உடம்பு, வாலடியில் பளிச்சென்ற சிவப்பு. அறிவியல் ஏட்டில் இதன் பெயர் 'பிக்னோனோட்டஸ் காஃபர்'. காஃபர் என்றால் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் ஆப்பிரிக்கா இதன் தாயகமே அல்ல.

பிழை பிரான்சில் தொடங்கியது. 1760இல் விலங்கியலாளர் மதுரின் பிரிசோன் தம் பெரிய பறவை நூலில் இந்தக் குருவியை வர்ணித்து, நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று குறித்தார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம் அது. பாண்டிச்சேரியை விட்டுப் புறப்படும் பிரெஞ்சுக் கப்பல்கள் அந்த முனையைச் சுற்றித்தான் ஊர் சேரவேண்டும். கப்பல் கடந்த கரை, குருவி பிறந்த கரையாக ஏட்டில் ஏறிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

1766இல் இயற்கையியலாளர் லின்னேயஸ், உயிரினங்களை வகைப்படுத்தும் தம் நூலின் 12ஆம் பதிப்பில் பிரிசோன் வர்ணித்திருந்த 240 பறவைகளைச் சேர்த்தார். அவற்றில் ஒன்றாக இதற்கு 'டர்டஸ் காஃபர்' என்று இரு சொல் பெயர் வைத்தார். 1826இல் ஃப்ரீட்ரிக் போயி 'பிக்னோனோட்டஸ்' என்ற பேரினத்தை வகுத்தார். குருவி பின்னர் அதற்குள் வந்தது. முன்பாதி மாறியும் பின்பாதி மாறவில்லை. முதலில் வைத்த பெயருக்கே உரிமை, பொருந்தாத பெயர் என்பதற்காக அதைத் தள்ள முடியாது என்பது விலங்கியல் பெயரிடல் விதி.

ஆனால் மூல மாதிரி வந்ததாகக் குறித்த ஊரைத் திருத்தலாம், அதற்குத் தடையில்லை. முதலில் இலங்கை என்றார்கள். 1952இல் ஜெர்மானியப் பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸ்மான், பாண்டிச்சேரிதான் என்று நிர்ணயித்தார். இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி உண்டு. ஓர் இனத்துக்குள் கிளையினங்களைப் பிரிக்கும்போது, மூல மாதிரி வந்த ஊரின் பறவைகளே இனப்பெயரை மறுபடியும் சுமக்கும். அதனால் தென்னிந்தியக் குருவி 'காஃபர் காஃபர்' ஆனது; இலங்கைக் குருவிக்கு 1789இல் கிமெலின் வைத்த பெயர் கிளையினப் பெயராக நின்றது. உலகம் முழுவதும் இந்த இனத்தை ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படையாக நிற்பது நம் காவிரிக்கரைப் புதர்களில் கத்தும் அதே குருவி.

ஒரு வருத்தமும் உண்டு. காஃபர் என்ற சொல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசை. அங்கே அதைச் சொன்னவர் நீதிமன்றப் படியேற நேரும். 2024 ஜூலையில் மாட்ரிட்டில் கூடிய தாவரவியலாளர்கள், அந்த வசையைச் சுமந்த செடிகளின் பெயர்களில் முதல் எழுத்தை நீக்க வாக்களித்தார்கள். விலங்கியல் பெயரிடல் ஆணையமோ, பெயர்களின் நிலைத்தன்மை குலையும் என்று இத்தகைய மாற்றங்களை ஏற்கவில்லை. அந்தக் கவலை பொய்யல்ல. பெயர் குழம்பினால் இருநூற்றைம்பது ஆண்டு ஆய்வுகளைத் தேடி எடுப்பதே சிரமமாகும். இருந்தாலும் ஓர் எழுத்து போவதால் குழப்பம் வராது. 'அஃபர்' ஆனாலும் ஆப்பிரிக்கா பெயரில் இருக்கத்தான் செய்யும், வசை மட்டும் போய்விடும். அதையாவது செய்யவேண்டும் என்பதே என் கட்சி.