நிற்கக் கற்றுக்கொண்ட கார்

பழைய கார் ஒன்றை வாங்கி அதற்கு ஒவ்வொன்றாகச் செலவு செய்துகொண்டிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "முன்னாடி பெரிய டிஸ்க், நல்ல பேட் எல்லாம் மாத்திட்டா வண்டி சீக்கிரம் நிக்கும்தானே?" ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இந்தக் கேள்வியைக் கார் உலகம் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு விதமாகக் கேட்டு வந்திருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு நண்பரிடம் வருவோம்.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலேயே, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டிப் போனார். முதல் நீண்ட தூரக் கார்ப் பயணம் என்று இதைச் சொல்வார்கள். வழியில் பெட்ரோலியத் திரவத்தை மருந்துக் கடையில் வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்துபோகவே, வழியிலிருந்த செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் சொல்லி அதன்மேல் தோல் அடித்து வாங்கிக்கொண்டார் பெர்த்தா. இன்று பிரேக் லைனிங் என்று நாம் சொல்வது அதைத்தான். உலகின் முதல் பிரேக் 'அப்கிரேட்' ஒரு செருப்புக் கடையில் நடந்திருக்கிறது!

பிரேக் செய்கிற வேலை ஒன்றுதான்: ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. 1,200 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதிலுள்ள ஆற்றல், ஒன்றரை லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவு சூடும் சில விநாடிகளில் நாலு சக்கரங்களுக்குள் இறங்குகிறது. மரமும் தோலும் இதைத் தாங்காது. இங்கிலாந்தின் டெர்பிஷைரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897இல் இதற்கென்றே தொழில் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் 'ஃபெரோடோ'. அஸ்பெஸ்டாஸ் லைனிங்கைப் பரப்பியவரும் அவரே. சூட்டைத் தாங்கிய அந்தப் பொருள் மனித நுரையீரலை என்ன செய்தது என்பது தனிக் கதை. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

முதல் முப்பது வருடங்களுக்குப் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக் இருந்தது. இன்று யோசித்தால் விசித்திரம். பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் நாம் முன்னால் போய் விழுகிறோம் அல்லவா, அதேபோல காரின் பாரமும் முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. பின்சக்கரங்கள் லேசாகிவிடும். அதாவது பிடிப்பு அதிகம் கிடைக்கிற சக்கரங்களை விட்டுவிட்டு, பிடிப்பு குறைந்துகொண்டிருக்கிற சக்கரங்களை மட்டும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் கொடுத்தது. 1924 மாடல்களில் பியூக் உட்படப் பலர் நாலு சக்கர பிரேக்குக்கு வந்தார்கள்.

வந்ததும் வரவேற்பு கிடைத்ததா என்றால், இல்லை. முன்சக்கரத்தைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும் என்றார்கள். இன்னொரு வாதம் இன்னும் சுவாரசியமானது: நீங்கள் சட்டென்று நின்றுவிடுவீர்கள், சரி, பின்னால் வருகிறவனால் நிற்க முடியுமா? பிரிட்டனில் நாலு சக்கர பிரேக் உள்ள கார்களின் பின்பக்கத்தில் சிவப்பு முக்கோணம் ஒட்டி எச்சரித்தார்கள். "என் பிரேக் நல்லா பிடிக்கும், தள்ளி வா" என்று அர்த்தம். சிரிப்பு வரலாம். ஆனால் இந்த பயத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஏன் என்று பிறகு வருகிறது. ஹென்றி ஃபோர்டும் ஹைட்ராலிக்கை நம்பாமல் கம்பியும் ராடும் வைத்தே ஓட்டி, 1939 மாடலில்தான் இறங்கிவந்தார்.

இப்போது டிஸ்க். இது புதுச் சங்கதி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பர்மிங்ஹாமின் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். செம்புப் பட்டைகள் உலோகத் தட்டைப் பிடிக்கும்போது ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கிறீச்சிட்டதாலும், புழுதிச் சாலையில் சீக்கிரம் தேய்ந்ததாலும், யோசனை அரை நூற்றாண்டு தூங்கியது. அதை எழுப்பியது விமானம். கனமான விமானம் வேகமாகத் தரையிறங்கி ஓடுபாதைக்குள் நின்றாக வேண்டும், அங்கே டிரம் பிரேக் போதவில்லை.

டிரம்மின் சிக்கல் இதுதான். அது ஒரு மூடிய கிண்ணம். உள்ளே இருக்கும் ஷூ வெளிப்பக்கமாக விரிந்து கிண்ணத்தை அழுத்துகிறது. சூடானால் கிண்ணம் பெரிதாகி ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மலைப்பாதையில் முன்னால் இறங்கும் லாரியிலிருந்து கருகல் வாடை வருகிறதே, அந்த நிலைதான். டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கிறது. சூட்டில் அது தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும்.

ஜாகுவார் நிறுவனமும் டன்லப்பும் சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் இதைக் காருக்குக் கொண்டுவந்தன. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டி ஓட்டி அதைச் சரிசெய்தார். அவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது பிரேக் ஆயில் கொதிப்பது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. 1952 ஜூனில் ரீம்ஸ் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் போட்ட சி-டைப்பை ஓட்டி ஜெயித்தார். அடுத்த வருடம் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். ஆறு கிலோமீட்டர் நேர்சாலையில் முழு வேகத்தில் வந்து, அதன் முடிவில் ஒரு கூர்மையான வலது திருப்பத்துக்காகக் கிட்டத்தட்ட நின்றுவிடும் அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். இப்படி இரவும் பகலும். டிரம் வைத்திருந்தவர்கள் பிரேக்கைக் காப்பாற்றிக்கொள்ள முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க, டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய ஜாகுவார் தாமதமாக பிரேக் போட்டுக்கொண்டே போய் ஜெயித்தது. சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் சராசரி 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை.

இங்கே கவனிக்க வேண்டியது, டிஸ்க் ஜெயித்தது முதல் பிரேக்கில் இல்லை, நூறாவது பிரேக்கில்.

இரண்டு வருடம் கழித்து, 1955இல் அதே லெ மான். ஜாகுவார் டி-டைப்பில் வந்த மைக் ஹாதார்ன், பிட்டுக்குத் திரும்ப பிரேக் போட்டார். பின்னால் வந்த லான்ஸ் மாக்லின் தன் ஆஸ்டின் ஹீலியை ஒதுக்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் வேகமாக வந்த பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் அதன்மேல் ஏறிப் பறந்து, பார்வையாளர்களுக்குள் சிதறியது. லெவெக்கும், எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். அந்த மெர்சிடிஸில் இருந்தது டிரம் பிரேக், அதற்கு உதவியாக முதுகில் காற்றைத் தடுக்கும் ஒரு பெரிய பலகை. விசாரணை ஹாதார்னைக் குற்றம் சொல்லவில்லை. பிரேக்கை மட்டும் காரணம் காட்டுவதும் சரியில்லை என்றே நினைக்கிறேன். மாக்லினின் காரிலும் டிஸ்க்தான் இருந்தது. குறுகலான பாதை, தாழ்வான தடுப்பு, வேறுவேறு வேகத்தில் ஓடும் கார்கள் எல்லாம் அங்கே சேர்ந்திருந்தன. ஆனாலும் அந்தச் சிவப்பு முக்கோணம் நினைவுக்கு வராமல் இருக்காது.

சரி, நண்பரின் கேள்வி. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு, அதுவும் உள்ளங்கை அளவுள்ள நாலு இடங்களில். பெடலை முழுக்க மிதித்தால் சக்கரம் இறுகி வழுக்குகிறது, அல்லது ஏபிஎஸ் துடிக்கிறது என்றால், உங்கள் பிரேக் டயரின் எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்டது. அதற்குமேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் முதல் தடவை நிற்கும் தூரம் குறையாது. மலை இறக்கத்தில் இருபதாவது தடவை குறையும். அதற்கும்கூடப் பெரிய டிஸ்க்குக்கு முன்னால் நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும்தான் செலவுக்கு ஏற்ற பலன் தரும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதிக்கப்பட்ட அளவு வெறும் 155 டிகிரி. டூயிஸின் தலைவலியை வருடக்கணக்காக மாற்றாத ஆயிலோடு நாமே சுமந்துகொண்டு போகிறோம்.

100 கிலோமீட்டர் வேகத்தில், பிடிப்பு 0.8 உள்ள உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தபின் நிற்க ஏறக்குறைய 49 மீட்டர். பிடிப்பு பாதியானால் தூரம் இரட்டிப்பு, 98 மீட்டர். காலை எடுத்து வைக்கும் நேரம் இதில் சேராது. ஏபிஎஸ்ஸும் (1978இல் பாஷ் தயாரித்த மின்னணு வகை மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது) புதுப் பிடிப்பை உண்டாக்குவதில்லை, இருப்பதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்கிறது, ஸ்டீயரிங்கையும் நம் கையில் வைத்திருக்கிறது.

அந்த உள்ளங்கையின் உருவத்தைத் தீர்மானிப்பது காற்று. குறைந்தால் டயரின் இரண்டு ஓரங்கள் பாரத்தைச் சுமக்கும், நடு மேலே குழியும். கூடினால் நடுப்பகுதி மட்டும் சாலையில் நிற்கும். உலர்ந்த சாலையில் ஒன்றிரண்டு பவுண்டு குறைவது பெரிதாகத் தெரியாது. மழையில்தான் உண்மை வெளியே வரும். நாசாவின் வால்டர் ஹார்ன் 1960களில் விமான டயர்களை ஈரமான ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்து ஒரு சூத்திரம் கண்டார்: டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், மைல் கணக்கில், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல 10.35 மடங்கு. விந்தை என்னவென்றால் அதில் காரின் எடையே இல்லை.

காற்றின் மதிப்பு அரசுகளுக்கு உறைத்தது வேறொரு துயரத்தில். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் உரிந்து, வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. 270 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பவுண்டு, டயர் நிறுவனம் சொன்னது 30. யார் பிழை என்று இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அதே வருடம் வந்த சட்டத்தின் விளைவுதான் டேஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு.

நண்பரிடம் சொன்னது இவ்வளவுதான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பார்; டயரின் பக்கச்சுவரில் இருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பிடிக்கச் சொல்லாதே. டயர் ஆறியிருக்கும்போது, வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால், சின்ன அளவுமானி ஒன்றால் அள. பங்க்குக்கு ஓட்டிப்போய்ச் சூடான டயரில் பார்த்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும். மஞ்சள் விளக்கை நம்பி இருந்துவிடவும் கூடாது. அமெரிக்க விதிப்படி அது எரிய வேண்டியது அழுத்தம் 25 சதவீதம் குறைந்த பிறகு. 32 பவுண்டு இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும்வரை அது பேசாமல் இருக்கலாம். ஹார்னின் கணக்கில், தேய்ந்த டயர் 32 பவுண்டில் மிதக்கத் தொடங்கும் வேகம் 94 கிலோமீட்டர். 24 பவுண்டில் 82.