வீங்கிய இடமும் நோயுள்ள இடமும்

என் தங்கைக்கு மகன் பிறந்த மூன்றாம் நாள் அது. குழந்தையின் வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தான். “இன்னும் கருப்பா வெளிக்குப் போகலியேடி” என்று அம்மா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பச்சிளங்குழந்தைக்குக் குடல் அடைக்கப் பல காரணங்கள் உண்டு. குடல் ஓரிடத்தில் உருவாகாமலே போயிருக்கலாம், முறுக்கிக்கொண்டிருக்கலாம். எங்கள் பிள்ளைக்கு வந்ததன் பெயர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். ஏறக்குறைய 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. அந்தப் பெயரைத் தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் கோபன்ஹேகனில் இருந்த குழந்தை மருத்துவர். 1886-ல் பெர்லினில் நடந்த கூட்டமொன்றில், கடும் மலச்சிக்கலால் ஒரு வயது நிறையும் முன்பே இறந்த இரு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். இருவரின் பெருங்குடலும் பெருத்துத் தடித்திருந்தது. இது பிறவிக் குறை என்று சரியாகவே சொன்னார். ஆனால், பெருத்த பகுதியில்தான் நோய் இருக்கிறது என்று நினைத்தார். யார் பார்த்தாலும் அப்படித்தானே தோன்றும்?

பின்னால் வந்த அறுவை மருத்துவர்களும் பெருத்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குக் கீழே, பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்த குடலை விட்டுவைத்தார்கள். அடைப்பு திரும்பவும் வந்தது. குடற்சுவரில் நரம்பணுக்கள் குறைந்திருப்பதை 1901-லேயே டிட்டல் என்பவர் எழுதியிருந்தார். ஆனாலும் சிகிச்சை மாறவில்லை.

பாஸ்டனில் ஓர்வர் ஸ்வென்சன் ஒன்றைக் கவனித்தார். அடைப்புக்கு மேலே குடலைத் திறந்து வயிற்றின் வழியே மலம் வெளியேறச் செய்தால் குழந்தை தேறியது. திறப்பை மூடினால் பழையபடி வயிறு உப்பியது. அப்படியானால் கோளாறு கீழேதான் இருக்க வேண்டும். 1948-ல் அலெக்சாண்டர் பில்லுடன் சேர்ந்து, கீழ்ப்பகுதியை அகற்றி நல்ல குடலை ஆசனவாய்வரை இழுத்து இணைக்கும் அறுவையை வெளியிட்டார்.

கருவில் நரம்பணுக்கள் குடலின் மேலிருந்து கீழாக நகர்ந்து வருகின்றன. சில குழந்தைகளில் அவை பாதி வழியில் நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே உள்ள குடல் தளராமல் இறுகியே கிடக்கும். மேலே உள்ள நல்ல குடல் தள்ளித் தள்ளியே பெருத்துப்போகிறது.

எங்கள் பிள்ளைக்கு மலக்குடலில் ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்த்து உறுதிசெய்தார்கள், அறுவை நடந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நிறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் கருமலம் கழித்துவிடும். உறவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அம்மா இன்றும் அதைத்தான் முதலில் கேட்கிறாள். இப்போது நாங்களும் கேட்கிறோம்.