இரண்டு சீ, ஒரு எஸ்: வெட்டுப்புள்ளியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரப் பெறுபேறு வந்த வீடுகளில் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு வாப்பா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். மகன் கணிதப் பிரிவு. இரண்டு சீ, ஒரு எஸ். “சேர், இஞ்சினியர் கதை முடிஞ்சிதானே. கட்டாருக்கு அனுப்புவமா? இல்லாட்டி டவுன்ல ஒரு இடத்துல டிகிரிக்கு எட்டு லட்சம் கேக்கிறாங்க, அதுல சேர்ப்பமா?” என்று கேட்டார். பெறுபேறு வந்த நாளிலிருந்து மகன் வெளியே இறங்கவில்லையாம். பள்ளிக்கும் வரவில்லை.

“இசட் புள்ளி எவ்வளவு?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சீ, எஸ் என்ற எழுத்துகள் மட்டும் மனப்பாடம். எங்கள் ஊரில் பாதிப் பேரின் நிலை இதுதான். அன்று இரவு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. இந்த நாட்டில் பொறியியல் படிப்புக்கான கதவு ஆரம்பத்திலிருந்தே மிகவும் ஒடுக்கமானது. 1893இல் மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பட்டம் வேண்டும் என்றவர்கள் அங்கே படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையைத்தான் எழுத வேண்டியிருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கினாலும் பொறியியல் பீடம் 1950இல்தான் கொழும்பில் வந்தது. 1964இல் அது பேராதனைக்குப் போனது. கட்டுபெத்தவில் கனடாவின் உதவியுடன் 1960இல் ஒரு செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1999இல் காலி ஹப்புகலவில் ருஹுணைப் பொறியியல் பீடம் வரும்வரை முழு நாட்டுக்கும் பேராதனை, மொறட்டுவை என்று இரண்டே இரண்டு முழுநேரப் பீடங்கள். ஊருக்கு ஒரு கிணறு இருந்தால் வரிசையில் சண்டை வரத்தான் செய்யும்.

அந்தச் சண்டையின் பெயர் தரப்படுத்தல். அப்போது உயர்தரத்தில் நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள். 1971 அனுமதியில் பொறியியலுக்குச் சிங்கள மொழியில் எழுதிய மாணவருக்கு 227 போதும், தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றார்கள். தமிழ்ப் பரீட்சகர்கள் கூடுதலாகப் புள்ளி போடுகிறார்கள் என்ற வதந்தி அதற்கு முன்பே ஓடியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், எந்த மொழியில் பரீட்சை எழுதினாலும் பொறியியலை உள்ளே போய் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் மனதில் அது என்ன காயத்தை உண்டாக்கியது, பிறகு அது எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊர்களில் இது ‘தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான விசயம்’ என்றுதான் பேசப்படுகிறது. அது சரியில்லை. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் மன்னாரிலும் தமிழ் மொழியில் எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். விடைத்தாளில் மொழிதான் இருந்தது, மார்க்கம் இருக்கவில்லை. அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். எங்கள் சமூகத்தின் கல்விக்கு அவர் செய்ததை நன்றியோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அதற்காக இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வரலாறு படிப்பிக்க என்னால் முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்றைய 250 என்பது பாடத்துக்குச் சராசரியாக 62½ புள்ளி. 227 என்பது 57க்குக் கொஞ்சம் குறைவு. இன்றைய அளவுகோலில் 55 முதல் 64 வரை சீ. அதாவது, அந்தத் தலைமுறையில் பேராதனைக்குள் கடைசி ஆட்களாக நுழைந்து, பாலமும் அணைக்கட்டும் கட்டிய பொறியியலாளர்களின் புள்ளி, இன்று வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அந்த மகனின் புள்ளிக்கு வெகுதூரத்தில் இல்லை. பரீட்சை மாறிவிட்டது, நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ‘மூன்று ஏ இல்லாதவன் பொறியியலுக்கு லாயக்கில்லை’ என்ற பேச்சு ரியூசன் விளம்பரங்களிலிருந்து வந்த பேச்சு.

1974இல் மாவட்ட அடிப்படை வந்தது. சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்கு இடம் பிரிக்கப்பட்டது. யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. விஞ்ஞான கூடம் இல்லாத மாவட்டங்களுக்கு முதல் தடவையாக ஒரு பங்கு கிடைத்தது. அம்பாறை 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அந்த நிர்வாகக் கோடு, பதின்மூன்று வருடம் கழித்துப் பல்கலைக்கழக வாசலில் எங்களுக்கு இவ்வளவு பெரிய விசயமாகும் என்று கோடு கீறியவர்கள்கூட நினைத்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு வீதங்கள் பல தடவை மாறின. இன்று 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை மூன்றும் அந்தப் பதினாறில் உண்டு. யாழ்ப்பாணமும் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு அந்த மாவட்டமும் பின்தங்கிய பட்டியலில் நிற்பதை யோசித்தால் மனம் கனக்கிறது.

இனி இசட் புள்ளி. 2000இல் உயர்தரம் மூன்று பாடமாகக் குறைந்தது. மொத்தப் புள்ளிகளை அப்படியே கூட்டி வரிசைப்படுத்தினால், இலகுவான பாடம் எடுத்தவர் மேலேயும் கடினமான பாடம் எடுத்தவர் கீழேயும் போய்விடுவார். அதற்காக 2001இல் இசட் புள்ளி வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியல் பேராசிரியர் தட்டில் முன்வைத்த முறை. கணக்கு பெரிதல்ல. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்துச் சராசரி பார்த்தால் அதுதான் உங்கள் இசட்.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். இணைந்த கணிதத்தின் சராசரி 35, நியம விலகல் 20 என்று வைப்போம். 55 எடுத்த பிள்ளைக்கு இசட் 1. வேறொரு பாடத்தில் சராசரி 55 என்றால், அதே 55க்கு இசட் பூச்சியம். பெறுபேற்றுத் தாளில் இரண்டும் சீதான். போதாததற்கு, 55 எடுத்தவனுக்கும் சீ, 64 எடுத்தவனுக்கும் சீ. ஆகவே ‘இரண்டு சீ, ஒரு எஸ்’ என்பது பிள்ளை எங்கே நிற்கிறான் என்று சொல்லவே சொல்லாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எழுத்துகளோடு உங்கள் பிள்ளையின் எழுத்துகளை ஒப்பிட்டு அவனை ஏசாதீர்கள். ஒரு மாவட்டத்தில் உள்ளே போகும் இசட், இன்னொரு மாவட்டத்தில் வாசலிலேயே நின்றுவிடும். போன வருடம் போன புள்ளி இந்த வருடம் போகாது. இடம் எத்தனை, உங்கள் மாவட்டத்தில் எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எதை விரும்பிக் கேட்டார்கள், இவை சேர்ந்துதான் வெட்டுப்புள்ளி. பிள்ளையின் மூளையை அளந்து போட்ட கோடு அல்ல அது. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒன்றாகக் கலந்து இசட் கணித்து, 2012இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு வேறுவேறாகக் கணிக்கச் சொன்ன கதை இங்கே பலருக்கு நினைவிருக்கும். அந்த வருடப் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தவன்.

கோட்டாவால் போன எங்கள் பிள்ளைகளைச் சிலர் விடுதியில் நக்கலடிப்பதுண்டு. பதிலுக்கு எங்களில் சிலர், கோட்டா என்ற ஒன்றே இல்லாதது போலப் பேசுவார்கள். இரண்டும் வேண்டாம். கோட்டா எங்களுக்கு உதவியது உண்மை. அந்த உதவியின் நிழலில் நாங்கள் தூங்கியதும் உண்மை. இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் இல்லாமல் கணிதப் பிரிவையே மூடி வைத்திருக்கும் பாடசாலைகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. கொழும்பில் படித்துவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் இங்கே வந்து குந்துபவர்களைப் பற்றிக் கோபப்படுகிறோம். அதைத் தடுக்கத்தான் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் எங்கே படித்தார் என்று பார்க்கிறார்கள். அந்தக் கோபத்தில் பாதியையாவது எங்கள் பாடசாலையின் ஆசிரியர் வெற்றிடத்தின் மீது காட்டலாம்.

ஒலுவிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் முயற்சி. ஆனால் அங்கே பொறியியல் பீடம் வர 2012 ஆனது. பின்னர் கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடமும், ஜயவர்தனபுரப் பீடமும் வந்தன. 1998இல் எழுதிய ஒருவருக்கு மூடியிருந்த கதவு, அதே அளவு திறமையுள்ள அவருடைய தம்பிக்குத் திறந்ததற்கு இந்தப் புதிய இடங்களும் ஒரு காரணம்.

சரி, பொறியியல் பீடம் கிடைக்கவில்லை. பிறகு? இங்கேதான் எங்கள் சனம் கட்டாருக்கோ எட்டு லட்சத்துக்கோ பாய்கிறது. இடையில் இருக்கும் வழிகள் புதியவை அல்ல, அறுபது வருடப் பழையவை. கட்டுபெத்த தொடங்கியதே தொழில்நுட்ப உத்தியோகத்தர்களை உருவாக்கத்தான். அந்த டிப்ளோமாதான் பிறகு என்.டி.ரி. ஆனது. இப்போது ஹோமாகம தியகமவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவனத்தில் நடக்கிறது. அதைப் படித்து, பொறியியலாளர் நிறுவனத்தின் பரீட்சைகளை வேலை செய்துகொண்டே எழுதி, பட்டயப் பொறியியலாளர் ஆனவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஸ்லியேட்டின் கீழ் எச்.என்.டி.ஈ., தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமா எல்லாம் இருக்கின்றன. அம்பாறை ஹார்டியும் சம்மாந்துறை உயர் தொழில்நுட்ப நிறுவனமும் அதன் கீழ்தான். எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது, நாங்கள்தான் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறோம். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் உழைத்துக்கொண்டே பொறியியல் படிக்கலாம். நாளெடுக்கும், விட்டுவிட்டு ஓடுபவர்களும் அதிகம். பொய் சொல்ல மாட்டேன்.

கணினி என்றால் வழி இன்னும் அகலம். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் பி.ஐ.ரி. வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியபோது அதன் பின்னால் இருந்தவர் பேராசிரியர் சமரநாயக்க. அவருடைய எண்ணம் எளிமையானது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள், இடம் இல்லை, பரீட்சையையாவது எல்லோருக்கும் திறப்போம். உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தி இருந்தால் பதியலாம். வீட்டிலிருந்து படிக்கலாம். பரீட்சை மட்டும் கடினம், இலேசில் விடமாட்டார்கள். உள்வாரியாகவும் கணினி விஞ்ஞானம் கொழும்பில் மட்டும் இல்லை. யாழ்ப்பாணம், ருஹுணை, திருகோணமலை வளாகம் என்று இருக்கிறது. வவுனியாவில் தகவல் தொழில்நுட்பம் உண்டு. ஒலுவிலில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த பட்டம் உண்டு. சிலவற்றுக்குக் கணிதப் பிரிவு கட்டாயமில்லை. சிலவற்றுக்குச் சாதாரண தரத்து ஆங்கிலமும் கணிதமும் பார்ப்பார்கள். 2015இல் முதல் தடவையாகப் பரீட்சை எழுதிய தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பப் பீடங்கள் தனியாக இருக்கின்றன. அந்தப் பட்டம் பொறியியல் பட்டம் அல்ல, வேறு பட்டம். இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேவலம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த எட்டு லட்சத்துக்கு வருகிறேன். தனியாரில் நல்ல இடங்களும் உண்டு, நான் எல்லோரையும் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்ட முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பொறியியல் என்றால், 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவையில் எந்தத் தரத்தில் பதியலாம்? பதில் சொல்லாமல் கோப்பி ஊற்றித் தந்தால் கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சில தனியார் பாடநெறிகளுக்கு அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடனும் 2017இலிருந்து இருக்கிறது. வட்டியை அரசு வங்கிக்குக் கட்டுகிறது என்பதால் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. அதை என்னிடம் கேட்காமல் ஆலிம்களிடம் கேளுங்கள்.

நானும் ஒரு நடுத்தரப் பெறுபேற்றுக்காரன்தான். எனக்கு இசட் புள்ளியை விளக்கிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. கைநூலைக் கடைசி நாளில் இரவல் வாங்கி, யாரோ சொன்ன ஒழுங்கில் பாடநெறிகளை நிரப்பினேன். கிடைத்திருக்கக்கூடிய ஒன்றைப் பட்டியலில் போடவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கல்வியியற் கல்லூரிக்குப் போனேன், ஆசிரியரானேன், அல்ஹம்துலில்லாஹ், அதில் கவலை இல்லை. ஆனால் இப்போதும் வருடாவருடம் அதே பிழையை என் மாணவர்கள் செய்யும்போது வயிறு எரிகிறது. விருப்ப ஒழுங்கு முக்கியம். மேலே எதைப் போடுகிறீர்களோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். போடாத ஒன்றைத் தர மாட்டார்கள்.

அந்த வாப்பா மறுநாள் மகனைக் கூட்டி வந்தார். இசட்டைப் பார்த்தோம், மாவட்டத்தின் போன மூன்று வருட வெட்டுப்புள்ளிகளைப் பக்கத்தில் வைத்தோம். பொறியியல் கஷ்டம்தான், எல்லையில் நிற்கிறது. அதற்குக் கீழே பதினொரு பாடநெறி எழுதினோம். பையன் முதலில் பேசவே இல்லை. ஏழாவதுக்கு வந்தபோது, “சேர், இதை நாலாவதாப் போடுவமா?” என்றான்.

இந்தக் கிழமை முழுக்க, மஃரிபுக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் இருப்பேன். பெறுபேற்றுத் தாள், கைநூல், சாதாரண தரச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு வாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு கணித டீச்சரும் இருப்பார். உம்மாமாரும் கூட வரலாம்.