கல்வெட்டில் பெயரில்லாதவர்கள்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் முன் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அதிலுள்ள ஆங்கிலக் கல்வெட்டை நின்று படித்தவர்களும் குறைவுதான். ஒரே வாக்கியம். 1930 டிசம்பர் 30 அன்று, இந்த இடத்துக்கு அருகே, மற்றவர்களின் உயிரைக் காக்க உதவியபோது மூழ்கி இறந்த கே. ஏ. ஜே. ஷ்மிட்டின் வீரத்தை நினைவுகூர எழுப்பியது என்று பொருள்.

அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் 'அதர்ஸ்'. இன்னார் என்று சுட்டாத பிரதிப்பெயர். வகுப்பில் 'இன்டெஃபினிட் ப்ரோனௌன்' என்று சொல்லித் தருவோம்.

காப்பாற்றப்பட்டது ஒரு வெள்ளைக்காரப் பெண், அவர் அன்றிரவே விருந்துக்குப் போய்விட்டார், கவர்னர் கோபப்பட்டுச் சின்னம் எழுப்பினார் என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. கல்வெட்டில் பெண்ணும் இல்லை, விருந்தும் இல்லை. 'அதர்ஸ்' பன்மை, பிழைத்தவர் ஒருவர் அல்லர். 'உதவியபோது' என்று இருப்பதால், காப்பாற்றப் போனவரும் ஷ்மிட் ஒருவர் மட்டுமல்ல என்றே தோன்றுகிறது. இலக்கணத்தைக் கவனித்துப் படித்தால் வரலாறு இப்படித் தெளிவாகும்.

"அவர்கள் பெயரை யாரும் கல்லில் பொறிக்கவில்லை." இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பலர் 'எனிபடி டிட் நாட்...' என்று தொடங்குவார்கள். 'நோபடி' என்றுதான் தொடங்க வேண்டும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. தமிழில் மறுப்பு வினையில் இருக்கிறது. 'யார்' என்பதோடு 'உம்' சேர்ந்தால் 'யாரும்'. 'ஓ' சேர்ந்தால் 'யாரோ', அதாவது 'சம்படி'. 'நோபடி'க்கு நம்மிடம் தனிச்சொல்லே கிடையாது, தேவையும் இல்லை. 'உம்' தரும் பொருள் எட்டு என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. ஒருவரையும் விடாமல் குறிக்கும் முற்றும்மை அவற்றில் ஒன்று.

ஆங்கிலத்திலோ மறுப்பு பெயருக்குள்ளேயே புகுந்துகொண்டது. 'நன்' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'இல்லை', 'ஒன்று' இரண்டும் ஒட்டிப் பிறந்ததுதான். அக்காலத்தில் பெயரிலும் வினையிலும் சேர்த்தே மறுப்பார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் வரை அது பிழையே அல்ல. இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்ற விதியை வலியுறுத்தியவர்கள் ராபர்ட் லோத் போன்ற 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். நாம் பள்ளியில் மதிப்பெண் இழந்தது அந்த விதியால்தான்.

அடுத்தமுறை பேரப்பிள்ளைகளோடு அங்கே போனால், அந்தக் கடைசிச் சொல்லைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்: யாரோ கூப்பிடுகிறார்கள். யாராவது இருக்கிறீர்களா? இந்தக் கடலில் யாரும் இறங்க வேண்டாம்.

மூன்றாவதைத் தமிழிலும் ஒருமுறை அழுத்திச் சொல்லிவிடுங்கள்.