வீணையின் மெல்லொலியும் முன்பெருக்கியும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் உள்ள தவளக்குப்பத்தில் சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க முற்பட்ட நண்பர் ஒருவர், அண்மையில் என்னிடம் வந்தார். மைக்ரோபோன் தரும் நுண்ணிய மின்னலையை முதற்கண் பெரிதாக்கித் தரும் முன்பெருக்கியை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பது அவர் வினா. "எதைப் பதிவு செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "வீணையை" என்றார். அவருக்கு நான் கூறியது பெரும்பாலும் பழங்கதையே.

1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைக் கெய்ஸ்பர்க் இசைத்தட்டில் பதிந்தபோது, மைக்ரோபோனும் இல்லை, பெருக்கியும் இல்லை. கொம்பு போன்ற குழாயின் வாயருகே நின்று உரத்துப் பாட வேண்டும். அக்குரலின் வலிமை ஒன்றே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. எஃகுத் தொண்டை படைத்தோர்க்கு அம்முறை நண்பன், மெல்லிசைக்கோ பகைவன். மேனாட்டார் 1899இல் ஸ்ட்ரோ என்பார் ஆக்கிய, கொம்பு பொருத்திய வயலினைக் கொண்டு ஒருவாறு சமாளித்தனர். வீணைக்குக் கொம்பு! நினைத்தாலே நகைப்பு வருகிறது.

1906இல் லீ டி ஃபாரஸ்ட் கண்ட மும்முனை வால்வு பின்னர்ச் செம்மையுற்று, 1925இல் மின்முறைப் பதிவுக்கு வழி திறந்தது. அதன் பயனை உணர வீணை தனம்மாளை நினைத்தால் போதும். சென்னையில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பைக் கேட்க வந்தோர் மூச்சையும் அடக்கி அமர்ந்திருப்பராம். அத்துணை மென்மை அது. 1938இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவர் வாசிப்பு தட்டுகளில் ஏறியிருந்தது. இரைச்சலுக்கிடையே இன்று நாம் கேட்கும் அந்த நாதத்திற்கு வால்வும் ஒரு காரணம்.

இனி இரைச்சலுக்கு வருவோம். ரிப்பன் வகை மைக்ரோபோன் தருவது வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. அதை ஆயிரம் மடங்கு பெருக்குவதே 60 டெசிபெல். வீணைக்கு 70 வரை வேண்டியிருக்கலாம். ஆனால் பெருக்கி தன் சொந்தச் சீறலையும் உடன் கலக்கும். கம்பியினுள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதாலேயே ஓர் இரைச்சல் எழுகின்றது என்பதை 1928இல் ஜான்சன் அளந்து காட்டினார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்குக் கூறினார். ஆதலின் அதை முற்றும் ஒழிக்க இயலாது. 0.775 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்டால், 150 ஓம் தடையின் இரைச்சல் ஏறத்தாழ மைனஸ் 131 டெசிபெல். பெருக்கியின் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 128 அளவில் நின்றால் குறை சொல்வதற்கில்லை.

இங்கே ஒரு கருத்து வேற்றுமை உண்டு. வால்வு தரும் கனிவான சாயலை விரும்பிப் பெருவிலை கொடுப்போர் பலர். பாடகர் குரலுக்கு அது பொருந்தலாம். வீணைக்கு நான் அதை நாடேன். ஒரே மீட்டில் தந்தியை இழுத்து நான்கைந்து சுரங்களைப் பேசவைக்கும்போது, கடைசிச் சுரமே மிக மெலிந்தது. கமகத்தின் உயிர் அங்கே இருக்கின்றது. சீறல் முதலில் விழுங்குவதும் அதனைத்தான். எனவே ஒரு தந்தியை ஒருமுறை மீட்டி, ஒலி முழுதும் அடங்கும்வரை பதிவு செய்து கேட்குமாறு கூறினேன்.

நண்பர் இரண்டு முன்பெருக்கிகளை இரவல் பெற்று, இரவு பதினொரு மணிக்குச் சோதித்தார். ஒன்றில் கமகத்தின் வால் தெளிவாகவே கேட்டது. உடன் கடலூர்ச் சாலையில் லாரி ஒன்று கியர் மாற்றுவதும் கேட்டது. மறுநாள் அவர் தச்சரை அழைத்துக் கூடத்திற்குக் கனமான கதவொன்று செய்யச் சொன்னார். பெருக்கியை அதன் பின்னரே வாங்கினார்.