பொறியியலும் முகாமைத்துவமும்: ஓர் இணைப்பின் வரலாறு

இயந்திரத்தை ஆக்குவோர் ஒருவர். அதனால் விளையும் இலாப நட்டத்தைக் கணக்கிடுவோர் வேறொருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேலைநாட்டுத் தொழிற்சாலைகளில் நிலவிய பொதுவழக்கு இதுவே. இவ்விரு அறிவினையும் ஒரே பட்டப்படிப்பில் இணைக்கும் எண்ணம் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்ற வரலாறு ஆழ்ந்து நோக்கத்தக்கது.

பூட்டு உற்பத்தி நிறுவனமொன்றின் தலைவரும் பொறியியலாளருமான ஹென்றி ரவுண், 1886 ஆம் ஆண்டில் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் கழகத்தின் முன் கட்டுரையொன்றை வாசித்தார். தொழிற்சாலை முகாமைத்துவம் பொறியியலுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. ஆயினும் அத்துறையில் பெற்ற அனுபவங்களைப் பரிமாறிக்கொள்ளச் சங்கமேதும் இல்லை. ஆதலின் பொறியியலாளரே அப்பொறுப்பினை ஏற்றல் வேண்டும் என்பது அவர் வாதம்.

இவ்வழியில் மேலும் சென்றவர் பிரெடெரிக் ரெயிலர். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நேரங்காட்டியால் அளந்து, வேலைமுறையினை வகுக்கலாம் என்றார் அவர். நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் இரும்பு சுமந்தோர் தம் முறையினால் நாற்பத்தேழரைத் தொன் சுமந்தனர் எனவும், அவர்தம் நாட்கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்தது எனவும் 1911 இல் வெளியான தமது நூலில் எழுதினார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்காக, கூலியோ இரு மடங்கினையும் எட்டவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள வாட்டர்ரவுண் படைக்கலத் தொழிற்சாலையின் வார்ப்புத் தொழிலாளர், நேரங்காட்டி கொண்டு தம்மை அளப்பதை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழுவொன்றினை நியமித்தது. ரெயிலரும் அதன்முன் சாட்சியமளித்தார். 1915 இல் இராணுவத் தொழிற்சாலைகளில் அத்தகைய அளவீட்டுக்கு அரச நிதியைச் செலவிடல் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

இப்பூசல் ஓயுமுன்னரே, 1914 இல், பொஸ்ரனில் அமைந்திருந்த மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் ‘பொறியியல் நிருவாகம்’ என்னும் பாடநெறியினைத் தொடங்கிற்று. அதே நிறுவனத்தில் மின்பொறியியல் பயின்று 1895 இல் பட்டம் பெற்று, பின்னர் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் தலைவரான அல்பிரட் சுலோன் நிறுவிய அறநிதியத்தின் கொடையால், 1952 இல் அங்கு தனி முகாமைத்துவப் பள்ளி உருவாயிற்று. 1964 இல் அது அவர் பெயரையும் பெற்றது.

எனினும், அங்கு பேராசிரியராயிருந்த உளவியலறிஞர் டக்ளஸ் மக்கிரெகர் 1960 இல் எழுதிய நூலே, வாட்டர்ரவுண் தொழிலாளர் எழுப்பிய வினாவினைக் கல்விக்கூடத்துள் அழுத்தமாகக் கொணர்ந்தது எனலாம். மனிதர் இயல்பாகவே உழைப்பை வெறுப்பவர் என்பது முகாமையாளரின் ஊகமே. தக்க சூழலில் அவர் தம்மைத் தாமே நெறிப்படுத்துவர் என அவர் வாதிட்டார்.

இயந்திரத்தையும் பணத்தையும் ஒருங்கே அளக்கக் கற்பிப்பது இப்பட்டப்படிப்பின் பெருமை. உழைப்பவனின் மனமும் மதிப்பும் அக்கணக்கில் இடம்பெறாவிடின் கணக்கே பிழைத்துவிடும் என்பது அதன் வரலாறு புகட்டும் பாடமாகும்.